மரம் ஈரமாயிருந்த நாள்

அந்த வருஷம் ஜொகூர் பாருவில் தமிழ் பேசுகிற அத்தனை பேரும் நீதிபதிகளாகிவிட்டார்கள். சவரக் கடையில் கத்தி தீட்டுகிறவர் தீர்ப்புச் சொன்னார். கோப்பிக் கடையில் வடையைப் பிட்டுக்கொண்டே மேல்முறையீடு நடத்தினார்கள். தையல்காரர் ஒருவர் என் சட்டைக்கு அளவெடுக்கும்போது, கழுத்தில் நாடாவைச் சுற்றி வைத்துக்கொண்டு, தூக்குத் தண்டனை சரியா தப்பா என்று என்னையே கேட்டார். ஊரில் கோர்ட்டில் வேலை பார்த்த தமிழன் நான் ஒருவன்தான். எனக்கு மட்டும்தான் கருத்து இல்லை. இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன் என்பதுதான் சரி.

நான் அப்போது கோர்ட்டில் துபாஷி. தமிழ்ச் சாட்சி சொல்வதை நீதிபதிக்கு இங்கிலீஷில் சொல்வதும், நீதிபதியும் வக்கீல்களும் கேட்பதைச் சாட்சிக்குத் தமிழில் சொல்வதும் என் வேலை. கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அப்படித்தான் சத்தியம் செய்து வேலையில் சேர்ந்தேன். சாட்சி ‘நான்’ என்றால் நானும் ‘நான்’ என்றுதான் சொல்ல வேண்டும். ஆகவே என் வாயால் நான் கோழி திருடியிருக்கிறேன், பெண்டாட்டியை அடித்திருக்கிறேன், கள்ளச் சாராயம் காய்ச்சியிருக்கிறேன். அந்த வருஷத்துக் கொலை வழக்கு நடந்த மூன்று நாளும், நான் அவனைக் கொல்லவில்லை என்று இங்கிலீஷில் சொன்னதும் என் வாய்தான்.

வழக்கு சிகாமட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றிலிருந்து வந்தது. பால்வெட்டுக்காரர் ஒருவர் மாட்டுவண்டிக்காரர் ஒருவரைக் கொன்றுவிட்டார் என்று குற்றச்சாட்டு. வண்டிக்காரரின் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு போய், பால்வெட்டுக்காரர் தம் லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னால் போட்டிருந்த கீரையையும் மரவள்ளியையும் மேய்ந்துவிட்டது. ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. மூன்றாவது தடவை இவர் எல்லோர் முன்னாலும், “இன்னொரு வாட்டி வந்துச்சுன்னா மாட்ட வெட்ட மாட்டேன், உன்னத்தான் வெட்டுவேன்” என்று கத்தினார். நாலு நாள் கழித்து வண்டிக்காரர் ஆற்றுத் துறையில் வெட்டுப்பட்டுக் கிடந்தார். பக்கத்துப் புதரில் கிடந்த கத்தி இவருடையது. பிடியில் இவர் சுற்றி வைத்திருந்த செம்புக் கம்பியைப் பார்த்து லயத்தில் எல்லோரும் அடையாளம் சொன்னார்கள். கத்தி காணாமல் போய்ப் பத்து நாள் ஆயிற்று என்றார் இவர். காணாமல் போனதை அவர் யாரிடமும் சொல்லி வைக்கவில்லை. கத்தி தொலைந்தால் தமுக்கடித்துச் சொல்லிக்கொண்டா இருப்போம்?

இந்த இரண்டையும் வைத்துத்தான் ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. வாயும் கத்தியும் போதும் என்றது ஒரு கட்சி. கோபத்தில் வெட்டுவேன் குத்துவேன் என்று சொல்லாத தமிழன் உண்டா, கத்தியை எவனும் எடுத்திருக்கலாமே என்றது மற்றது. சிங்கப்பூருக்குப் பாலம் கட்டி ரயில் ஓடத் தொடங்கிச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. சிங்கப்பூர்த் தமிழ்ப் பத்திரிகை காலையிலேயே வந்துவிடும். அதில் ‘நீதிப் பிரியன்’, ‘உண்மை விளம்பி’ என்று புனைபெயர் வைத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். உண்மை விளம்பி யாரென்று எனக்குத் தெரியும். துறைமுகத்துக் குமாஸ்தா. மரவள்ளிக் கிழங்கைத் தட்டில்தான் பார்த்திருப்பார்.

ஆனால் மனிதரைத் தூக்குக்கு அனுப்பியது வாயும் அல்ல, கத்தியும் அல்ல. அந்த இரண்டையும் நீதிபதியே சந்தேகத்தோடுதான் பார்த்தார். அனுப்பியது நேரக் கணக்கு. அது பத்திரிகையில் நாலே வரிதான் வந்தது. அந்த நாலு வரியைப் பற்றி எந்தக் கட்சியும் பேசவில்லை.

நேரம் இதுதான். வண்டிக்காரர் மதியம் ஒரு மணி ரயிலில் பெட்டிகளை ஏற்றிவிட்டுக் கிளம்பியதை ஸ்டேஷன் மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னார். ஸ்டேஷனிலிருந்து துறைக்கு வண்டி வர ஒரு மணி நேரம் ஆகும். கம்பம் என்கிற மலாய்க் கிராமத்திலிருந்து தூண்டில் போட வந்த ஒருவர், அஸர் தொழுகைக்கு நேரமாகிவிட்டதே என்று எழுந்தபோது பிணத்தைப் பார்த்தார். அது சுமார் மூன்றரை என்று கோர்ட் குறித்துக்கொண்டது. ஆகவே கொலை நடந்தது இரண்டுக்கும் மூன்றரைக்கும் நடுவில். அந்த நேரத்தில் இவர் எங்கே இருந்தார் என்பதுதான் கேள்வி.

இவருக்காக ஒரே ஒரு சாட்சி வந்தது. பக்கத்து மர நிரையில் பால் வெட்டுகிற அம்மாள். நாற்பது வயது இருக்கும். புருஷன் இல்லை. ரயிலில் இரண்டாவது தடவையாக ஏறியிருக்கிறார். முதல் தடவை கப்பலிலிருந்து இறங்கித் தோட்டத்துக்கு வந்தபோது. குற்றம் சாட்டப்பட்டவரின் வக்கீல் சிங்கப்பூரிலிருந்து வந்தவர், நல்லவர், ஆனால் கட்டை அவிழ்த்துக் காகிதங்களைப் படித்ததே முந்தின நாள் சாயங்காலம்தான்.

“வெட்டுறப்பவும் பால் மணி அடிச்சப்பவும் அவரு எங்கிட்டத்தான் இருந்தாரு,” என்றார் அந்த அம்மாள். “ரெண்டு பேருந்தான் மங்குலேருந்து பால எடுத்தோம். ஒண்ணாத்தான் வாளிய தூக்கிக்கிட்டு ஸ்டோருக்குப் போனோம். பால் நிறுக்கிற வரைக்கும் எனக்கு முன்னாடி நின்னாரு.”

“அப்போது மணி என்ன?” என்று கேட்டார் வக்கீல்.

“மணி தெரியாதுங்க. பால் மணி அடிச்சிச்சு.”

பால் எடுக்கச் சொல்கிற அந்த மணி எத்தனை மணிக்கு அடிக்கும் என்று தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி ஏற்கெனவே சாட்சி சொல்லியிருந்தார். பதினொரு மணி. பால் நிறுத்து முடிய பன்னிரண்டரை ஆகும். அரசாங்கத் தரப்பு வக்கீல் முகத்தில் அப்போதே சிரிப்பு வந்துவிட்டது. பன்னிரண்டரைக்கு வேலை முடிந்தவன் இரண்டு மணிக்கு ஆற்றங்கரையில் இருக்க என்ன தடை?

அந்த அம்மாள் தானாகவே ஒரு வார்த்தை சொன்னார். “அன்னைக்கு மரம் ஈரமுங்களே.”

நான் இங்கிலீஷில் சொன்னேன்: அன்று மரங்கள் ஈரமாக இருந்தன. ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. நீதிபதி எழுதிக்கொண்டார். எழுதிவிட்டு, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும்படி சாட்சியிடம் சொல்லச் சொன்னார். சொன்னேன். அந்த அம்மாள் வாயை மூடிக்கொண்டார்.

தோட்டத்தை அறியாதவர்களுக்கு இங்கே நான் ஒன்றைச் சொல்ல வேண்டும். அன்று சொல்லாததை இன்று சொல்கிறேன் என்பதை மறைக்கவில்லை. ரப்பர் மரத்தின் பட்டை ஈரமாக இருந்தால் பால் வெட்ட முடியாது. வெட்டினால் பால் வெட்டுக் கோட்டு வழியாக இறங்கி மங்குக் கிண்ணத்தில் விழாது, ஈரப் பட்டையெல்லாம் பரவி வீணாகிவிடும். ஆகவே விடியற்காலையில் மழை பெய்தால் ஆட்கள், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பார்கள். மரம் காய வேண்டும். எட்டு மணியாகலாம், ஒன்பதாகலாம், பத்தும் ஆகலாம். அதன் பிறகுதான் உளி மரத்தில் படும். வெட்டு மூன்று மணி நேரம் தள்ளிப்போனால் பால் மணியும் மூன்று மணி நேரம் தள்ளிப்போகும். அந்த மணி கடிகாரத்துக்காக அடிப்பதல்ல, வெட்டி முடிந்து பால் வடிந்ததற்காக அடிப்பது. பதினொன்று என்பது வெயில் நாளின் கணக்கு.

தோட்டத்தில் பிறந்தவனுக்கு ‘அன்னைக்கு மரம் ஈரம்’ என்றால் இவ்வளவும் அதற்குள் இருக்கிறது. அந்த அம்மாள் சொன்னது மழைச் செய்தி அல்ல. அன்று இரண்டு மணிக்கு மேல்தான் பால் மணி அடித்தது, நாலு மணி வரை இந்த மனிதர் எனக்கு முன்னால் வாளியோடு நின்றார் என்று அவர் சத்தியம் செய்து சொன்னார். அவருக்குத் தெரிந்த மொழியில் அதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. கோர்ட்டில் இருந்தவர்களில் நீதிபதிக்கு அது தெரியாது. அவருக்கு யோசனை சொல்லப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு அசெசர்களில் ஒருவர் சீன வியாபாரி, ஒருவர் மலாய் அதிகாரி, அவர்களுக்கும் தெரியாது. அஸர் நேரம் எல்லோருக்கும் தெரியும். பால் மணி தெரியாது. வக்கீல்கள் இருவரும் ரப்பரைக் கார்ச் சக்கரத்தில் மட்டும் பார்த்தவர்கள்.

எனக்குத் தெரியும். நான் அதே சிகாமட் பக்கத்து லயம் ஒன்றில் பிறந்து, பதினோரு வயது வரை அம்மாவோடு மங்கு துடைத்தவன். பிறகு மிஷன் பள்ளிக்கூடம், கால்சட்டை, உத்தியோகம். அந்த வாக்கியத்தை இங்கிலீஷில் சொல்லி முடித்த கணமே மனதில் ஒன்று தட்டியது. அடுத்த கேள்வி வந்துவிட்டது. அதையும் மொழிபெயர்த்தேன்.

ஏன் பேசவில்லை என்று கேட்கலாம். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் ஒரு சாட்சி, ‘வெத்தல மாத்திட்டோம்’ என்றார். நான் மொழிபெயர்த்துவிட்டு, கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று அதற்குப் பொருள் என விளக்கமும் கொடுத்தேன். இதே நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். துபாஷிக்குச் சாட்சி சொல்ல ஆசை இருந்தால் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்யட்டும், இல்லையென்றால் வாயாக மட்டும் இருக்கட்டும் என்றார். கோர்ட்டே சிரித்தது. எனக்குக் காது மடல் வரை எரிந்தது. அன்றிலிருந்து நான் நல்ல வாயாக இருந்தேன். என்னைப் போல் சுத்தமாக மொழிபெயர்ப்பவர் இல்லை என்று பெயர்கூட வந்தது. இது காரணம்தான், சமாதானம் அல்ல. எனக்குச் சமாதானம் எதுவும் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு குற்றவாளிக் கூண்டில் நின்றவர் பேசினார். ஒல்லியான மனிதர், முப்பத்தைந்து வயதுக்குள். பால் நிறுத்துவிட்டு நேரே வீட்டுக்கு வந்தேன், குளித்தேன், சோறு தின்றேன், போலீஸ் வந்துவிட்டது என்றார். அரசாங்க வக்கீல் எழுந்தார். வேலை பன்னிரண்டரைக்கு முடிந்தது, போலீஸ் வந்தது ஐந்து மணிக்கு. ஒரு குளியலுக்கும் ஒரு சாப்பாட்டுக்கும் நாலரை மணி நேரமா என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

அந்த மனிதர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். “அவ்வளவு நேரம் ஏதுங்கய்யா?” என்றார்.

அதையும் சுத்தமாக மொழிபெயர்த்தேன். கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. அவர் பொய் சொல்லத் தெரியாத மூடன் என்று நினைத்துச் சிரித்தார்கள். அவரோ உண்மையிலேயே கேட்டார். நாலு மணிக்கு மேல் வீட்டுக்கு வந்த மனிதருக்கு அந்த நாலரை மணி நேரம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. மரம் ஈரம் என்றுதான் அந்த அம்மாள் சொல்லிவிட்டாரே, பிறகு இவர்கள் ஏன் இப்படிக் கேட்கிறார்கள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். ஊருக்கே தெரிந்ததை யாராவது எடுத்துச் சொல்வார்களா? விடிந்தால் வெளிச்சம் வரும் என்று கோர்ட்டில் எவனாவது சாட்சி சொல்லியிருக்கிறானா?

மறுநாள் தீர்ப்பு. தூக்கு என்ற சொல்லை அவருக்குத் தமிழில் சொன்னதும் நான்தான்.

மூன்று வாரம் நான் சும்மா இருந்தேன். வக்கீல் தானே கண்டுபிடித்துவிடுவார் என்று நினைத்தேன். கிராணி யாரிடமாவது சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். பத்திரிகைக் கடிதங்களை வரி விடாமல் படித்தேன், எவனாவது ஒருவன் மழையைப் பற்றி எழுத மாட்டானா என்று. எழுதவில்லை. சாட்சி போதுமா போதாதா என்று சண்டை போட்டவர்கள் எல்லோரும் கடை வைத்தவர்கள், குமாஸ்தாக்கள், வாத்தியார்கள். ஒருவரும் ரப்பர் மரத்தைத் தொட்டவர் இல்லை. தொட்டவர்களிடம் யாரும் போய்க் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சவரக் கடையில் என் கன்னம் முழுவதும் சோப்பு. பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற ரோட்டு ஓவர்சியர் பத்திரிகையை மடித்துவிட்டு, அந்த அம்மாள் சாட்சியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

“அந்தப் பொம்பள சாட்சிதான் ஆளக் கெடுத்துருச்சு. நேரத்தக் கேட்டா மரம் ஈரம்னுச்சாம். பேப்பர்ல போட்டிருக்கான்.”

கடைக்காரர் சிரித்தார். “எஸ்டேட்டு ஜனங்க அப்படித்தாண்ணே. ஒண்ணு கேட்டா ஒண்ணு சொல்லும்.” பிறகு கத்தியை என் கழுத்தில் வைத்துக்கொண்டு, “தொபாசி ஐயா பக்கத்துலதான் நின்னாரு. சாட்சி பத்துமாங்கய்யா?” என்றார்.

நான் பாதிச் சவரத்தோடு எழுந்துவிட்டேன். துண்டால் துடைத்துக்கொண்டு நேரே ரயில் ஏறி, பாலம் தாண்டி, சிங்கப்பூரில் அந்த வக்கீல் வீட்டுக்குப் போனேன். ஒரு கன்னம் வழுவழு, ஒரு கன்னம் முள். அந்தக் கோலத்தில் மரத்தையும் மழையையும் மங்கையும் அவருக்கு விளக்கினேன். அவர் நடுவில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

“இதை நீங்கள் கோர்ட்டில் சொல்லியிருக்கலாமே,” என்றார்.

“எனக்கு அனுமதி இல்லை.”

“என் காதிலாவது சொல்லியிருக்கலாம். மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் விட்டார்கள்.”

அது எனக்குத் தோன்றவே இல்லை என்று சொன்னால் பொய். வக்கீல் வழக்குக் கட்டை எடுத்து விரித்தார். வழக்கு முடிந்துவிட்டது, இனி கருணை மனு ஒன்றுதான் வழி என்றார். அதற்கு இரண்டு வேண்டும்: அன்று தோட்டத்தில் மழை பெய்தது என்பதற்கு ஆதாரம், பால் மணி பிந்தி அடித்தது என்று சத்தியக் கடுதாசி. “சத்தியக் கடுதாசியை நீங்களே கொடுங்கள். கோர்ட் துபாஷி கொடுத்தால் மேலிடத்தில் ஒரு கணமாவது நின்று படிப்பார்கள்,” என்றார்.

நான் அரசாங்க ஊழியன், நானே மொழிபெயர்த்த வழக்கில் நான் சத்தியம் செய்வது முறையல்ல, அன்று நான் அந்தத் தோட்டத்தில் இருந்தவனும் அல்ல, அந்த அம்மாளே கொடுப்பதுதான் செல்லும் என்றேன். எல்லாமே சட்டப்படி சரியான பேச்சு. எனக்கு அப்போது இரண்டு பெண் குழந்தைகள், மூன்றாவது வயிற்றில். வேலை போய்விடும் என்று பயந்தேன். வக்கீலும் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேனா என்று இத்தனை வருஷம் யோசித்தும் தெரியவில்லை.

லீவு போட்டுச் சிகாமட்டுக்குப் போனேன். ஆற்றில் வெள்ளம் வந்து வடிந்திருந்த சமயம், சடக்குப் பாதையெல்லாம் சேறு. சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தோட்டத்து ஆபீஸ் படியேறினேன். கிராணி என்னை உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். தினசரி மழையளவு குறிக்கும் மழைப் புத்தகத்தைப் பற்றிக் கேட்டதும் குரல் தணிந்தது.

“எங்கிட்ட என்ன கேட்டாங்க? உங்க தோட்டத்துல பால் மணி எப்ப அடிக்கும்னு கேட்டாங்க. பதினொண்ணுன்னேன். அது உண்மைதானே? அன்னைக்கு எப்ப அடிச்சிச்சுன்னு யாரும் கேக்கலையே. நீங்கதானே தமிழ்ல கேட்டீங்க.”

“உங்களுக்கு அன்னைக்கு மழைன்னு ஞாபகம் இருந்துச்சா?”

அவர் டீயை ஒரு வாய் குடித்தார். “இருந்துச்சு,” என்றார். “கேட்டதுக்கு மேல பேசாதேன்னு பெரிய தொரை சொல்லி அனுப்பினாரு. பேசல. இப்பப் போயி மாத்திச் சொன்னா, அன்னைக்குப் பொய் சொன்னியான்னு என்னையே உள்ள தூக்கிப் போட்ருவாங்க. எனக்கும் புள்ள குட்டி இருக்குது.”

அவர்மேல் கோபப்பட எனக்கு என்ன தகுதி இருந்தது? எங்கள் இருவருக்கும் ஒரே நியாயம்தான். மழைப் புத்தகம் தோட்ட மேனேஜரான துரையின் பங்களாவில் இருந்தது. துரை என்னை வெளி வராந்தாவில் நிற்கவைத்தே பேசினார். கோர்ட் முடிவு செய்துவிட்டது, தோட்டத்துப் புத்தகம் தோட்டத்துச் சொத்து, அது கேட்கிறவனுக்கெல்லாம் காட்டுவதற்கல்ல என்றார். உள்ளே அலமாரியில் அந்தப் புத்தகம் எனக்குத் தெரிகிற தூரத்தில் இருந்திருக்கலாம். நன்றி சொல்லிவிட்டு இறங்கினேன்.

அந்த அம்மாள் லயத்து வாசலில் உளியைத் தீட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டார். பக்கத்து வீட்டில் சாத்தியிருந்த கதவைக் காட்டி, அதுதான் ஜெயிலில் இருக்கிறவர் வீடு, பெண்சாதி பிள்ளைகளோடு அண்ணன் தோட்டத்துக்குப் போய்விட்டது என்றார். நான் வந்த காரியத்தைச் சொன்னேன். மரம் ஈரமாயிருந்தால் பால் மணி பிந்தும் என்று நீங்கள் விளக்கமாகச் சொல்ல வேண்டும், எழுதிக்கொள்கிறேன் என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. “அதான் சொன்னேனுங்களே,” என்றார். “மரம் ஈரம்னு சொன்னேன். நீங்க கோர்ட்டுத் தொரைகிட்ட சொன்னீங்க. தொரை எழுதுனாரு. எங்கண்ணால பாத்தேன்.”

“சொன்னீங்கம்மா. அவங்களுக்குப் புரியல.”

“புரியலையா?” என்று என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். “நான் இத்தன நாளா, எல்லாந் தெரிஞ்சுதான் தூக்குல போடச் சொல்லிட்டாங்கன்னு நெனச்சிக்கிட்டிருக்கேன்.”

ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினேன். எத்தனை நாழிகை களத்தில் உட்கார்ந்திருந்தார்கள், வெட்டத் தொடங்கியபோது வெயில் எங்கே இருந்தது, பால் நிறுத்து முடிந்தபோது நிழல் எந்தப் பக்கம் விழுந்தது. எல்லாம் துல்லியமாகச் சொன்னார். ஸ்டேஷன் மாஸ்டரின் கடிகாரத்தைவிட அவர் நிழலை நான் நம்புவேன். எழுதியதைப் படித்துக் காட்டினேன். பால் கறை ஏறிய பெருவிரலை மையில் தோய்த்து வைத்தார். கறையால் ரேகை அரைகுறையாகத்தான் விழுந்தது. இரண்டாவது தடவையும் அப்படித்தான் விழுந்தது.

மனு போயிற்று. கோயிலில் கூட்டம் போட்டு நூற்றுக்கணக்கில் கையெழுத்து வாங்கினார்கள். உண்மை விளம்பி முதல் ஆளாகப் போட்டார் என்று கேள்வி. அதற்குள் வக்கீல் மழைச் சங்கதியைப் பத்திரிகைக்குச் சொல்லிவிட்டார், ஆதரவு திரளட்டும் என்று. திரண்டது. சவரக் கடை, கோப்பிக் கடை எங்கும் மரம் ஈரம் என்பதே பேச்சு. ஓவர்சியர் அதைத் தாமே முதலில் கண்டுபிடித்ததுபோல் எல்லோருக்கும் விளக்கினார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தப் பேச்சே மனுவைக் கெடுத்தது. மேலிடத்திலிருந்து வந்த பதில் நாலு வரி. சாட்சி விசாரணையின்போது சொல்லாத விளக்கத்தை, பொதுஜனங்கள் பத்திரிகையில் விவாதித்த பிறகு சொல்லியிருக்கிறாள். அது பிறர் சொல்லிக்கொடுத்ததாக இருக்கலாம். சுயேச்சையான ஆதாரம் எதுவும் மனுவோடு இல்லை. தண்டனையில் தலையிடக் காரணமில்லை. அந்தச் ‘சுயேச்சையான ஆதாரம்’ என்ற இடத்தில் என் கையெழுத்து இருந்திருக்க வேண்டும்.

அந்த நாலு வரியைக் கைதிக்குத் தமிழில் சொல்ல வேண்டும். சிறைக்குத் தனியாகத் துபாஷி கிடையாது. கோர்ட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லிப் பார்த்தேன். வேறு யாரும் இல்லை.

காலை பத்து மணி இருக்கும். நல்ல வெயில். சிறை அதிகாரி முன்னால் போக நான் பின்னால் போனேன். மனிதர் கம்பிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார். அதிகாரி காகிதத்தை ஒவ்வொரு வரியாக வாசித்தார், நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவர் கடைசி வரை தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

“ஐயா நல்லா தமிழ் பேசுறீங்க,” என்றார். “ஐயாவுக்கு எந்தப் பக்கம்?”

என்ன பொய் சொல்வது என்று அந்த நேரத்தில் தோன்றவில்லை. “சிகாமட் பக்கந்தான்,” என்றேன். “தோட்டத்துலதான் பொறந்தேன். எங்கம்மா பால் வெட்டுனவங்க.”

அவர் கம்பியைப் பிடித்திருந்த கையை எடுத்தார். கோபமாகப் பார்க்கவில்லை. கணக்குப் போடுகிறவர்போலக் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார்.

“அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே,” என்றார்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். கைதி என்ன சொல்கிறான் என்று கேட்டார்.

தனக்குப் புரிந்துவிட்டதாகச் சொல்கிறார் என்றேன்.